மன்னர் வெட்டிய கால்வாயும் மன்னரால் இட முடியாத தண்டவாளமும்: திருவிதாங்கூர் போக்குவரத்து ஒரு விளக்கம்

நாகர்கோவில் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் ரயில் நிலையம் திருவனந்தபுரம் கோட்டத்தின் (ரயில்வேயின் நிர்வாகப் பிரிவு) கீழ் வருகிறது. புனலூரும் தென்மலையும் கேரளத்தில் இருக்கின்றன. அவற்றின் நிலையங்கள் மதுரை கோட்டத்தின் கீழ் வருகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தை மதுரை கோட்டத்தோடு சேர்க்கக் கோரி மனு கொடுக்கும்போதெல்லாம், "இப்படித் தலைகீழாக யார் பிரித்தார்கள்?" என்ற கேள்வி எழுகிறது.

இதே ஊர்களைச் சுற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கி.மீ. நீர்வழி அமைக்கும் கேரளத் திட்டத்தில் வர்க்கலை சுரங்கம் அடிக்கடி பேசப்படுகிறது. சுரங்கம் என்றால் ரயிலுக்கோ சாலைக்கோ இருக்கும் என்றுதான் நினைப்போம். இதுவோ படகுக்காகக் குடைந்தது, அதுவும் 1867-இல் தொடங்கி.

இரண்டுக்கும் விடை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் போக்குவரத்து வரலாற்றில் இருக்கிறது. தன் எல்லைக்குள் தொடங்கித் தன் எல்லைக்குள் முடிகிற வழிகளைச் சமஸ்தானம் தானே போட்டது, பெரும்பாலும் நன்றாகவே போட்டது. எல்லை தாண்டவேண்டிய வழிகளுக்கு மட்டும் அடுத்தவர் சம்மதம் வேண்டியிருந்தது. இந்தச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

## சமஸ்தானத்தின் கையில் என்ன இருந்தது?

திருவிதாங்கூர் தெற்கே கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே கொச்சி சமஸ்தானம் வரை நீண்டு கிடந்தது. மேற்கே கடல், கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் அன்று இதற்குள்தான் இருந்தன. மலையைக் கடந்து தமிழ்ப் பகுதிக்கு வரச் சக்கரம் உருளும்படியான வழிகள் இரண்டைச் சொல்லலாம்: தெற்கே ஆரல்வாய்மொழி, அதற்கு வடக்கே செங்கோட்டையை ஒட்டிய ஆரியங்காவு.

கீழே அடிக்கடி வரும் சொற்களை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

1. ரெசிடெண்ட்: ஆங்கில அரசின் பிரதிநிதி. 1795, 1805 ஒப்பந்தங்களின்படி திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் பாதுகாப்புக்குள் வந்தது. 1805 ஒப்பந்தம் ஆண்டுக் கப்பத்தை 8 லட்சம் ரூபாயாக நிர்ணயித்தது. சாலையோ பாலமோ போட இந்தக் கப்பம் போக மிஞ்சிய பணம்தான்.
2. திவான்: மன்னருக்குக் கீழே நிர்வாகத்தின் தலைவர். போக்குவரத்தைப் பொறுத்தவரை இரண்டு பெயர்கள் முக்கியம்: டி. மாதவராவ் (1858–1872), சி.பி. ராமசாமி ஐயர் (1936–1947).
3. மராமத்து: பொதுப்பணித் துறை. மாதவராவ் காலத்தில் வில்லியம் பார்ட்டன் தலைமைப் பொறியாளராக இருந்தார். திருவனந்தபுரத்தில் 'பார்ட்டன் ஹில்' என்ற இடப்பெயர் அவர் நினைவாக வந்தது.
4. அஞ்சல்: சமஸ்தானத்தின் சொந்தத் தபால் துறை. நாம் இன்று தபாலுக்குப் பொதுச்சொல்லாக வைத்திருப்பது அங்கே ஒரு துறையின் தனிப்பெயர்.

1865-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் இந்தியாவும் தமக்கிடையே சுங்கத் தடைகளை நீக்க ஒப்புக்கொண்டன. சமஸ்தானம் சுங்க வருமானத்தில் ஒரு பகுதியை இழந்தது. அதற்கு ஈடாகச் சரக்கு கூடுதலாக ஓடவேண்டும். சரக்கு ஓட வழி வேண்டும். மாதவராவ் காலத்துச் சாலைகளையும் கால்வாய்களையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் அவசரம் புரியும்.

## தண்ணீர்தான் நெடுஞ்சாலை

கொல்லத்துக்கு வடக்கே அஷ்டமுடி, காயங்குளம், வேம்பநாடு என்று காயல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. கடலுக்கு இணையாக, அலையில்லாத தண்ணீர். இவற்றைச் சிறு வெட்டுக் கால்வாய்களால் கோத்துவிட்டால் உள்நாட்டு நெடுஞ்சாலை தயார். மாட்டு வண்டி இழுக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு பாரத்தை ஒரு கெட்டுவள்ளம் ஏற்றும். ஆட்கள் இரண்டு மூன்று பேர் போதும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றுநாரால் தைத்து இணைத்த படகு அது. ஆழம் குறைவான இடத்தில் தரை தட்டினாலும் உடையாமல் நெளிந்து கொடுக்கும். தள்ளுவதற்கு நீண்ட மூங்கில் கழி. காற்று வாகாக இருந்தால் பாய்.

ஆலப்புழை துறைமுகத்தை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசன் வளர்த்தது இந்தக் காயல்களை நம்பித்தான். மிளகும் கயிறும் கொப்பரையும் கால்வாய் வழியாக ஊருக்குள்ளேயே வந்து இறங்கும். அங்கிருந்து கடற்பாலம் வழியாகக் கப்பலுக்குப் போகும். அந்தப் பாலமும் கலங்கரை விளக்கமும் 1862-ஐச் சேர்ந்தவை.

தலைநகரான திருவனந்தபுரம் இந்த வரிசைக்கு வெளியே நின்றது. அதைச் சேர்க்கும் முதல் பெரிய முயற்சி பார்வதி புத்தனாறு. ரீஜெண்டாக ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் (1815–1829) வெட்டப்பட்டதால் அந்தப் பெயர். திருவனந்தபுரத்தின் வள்ளக்கடவுப் பகுதியை வடக்கே கடினங்குளம் காயலோடு அது இணைத்தது. 'வள்ளக்கடவு' என்றால் படகுத்துறை. இன்று விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் அந்த இடத்தின் பெயரில் மட்டும் படகு மிஞ்சியிருக்கிறது.

### வர்க்கலையில் ஏன் சுரங்கம்?

கடினங்குளம், அஞ்சுதெங்கு காயல்களைத் தாண்டி வடக்கே போனால் வர்க்கலையில் குன்று கடல்வரை வந்து செங்குத்தாக நிற்கிறது. அதற்கு அப்பால்தான் இடவா–நடயறா காயல். நடுவில் தண்ணீர் வழி இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய சரக்கை இங்கே இறக்கி, தலைச்சுமையாகவும் வண்டியிலும் குன்றைத் தாண்டி, மறுபுறம் வேறு படகில் ஏற்ற வேண்டும். இரண்டு முறை ஏற்றி இறக்கினால் கூலி இரட்டிப்பு. மழைக்காலத்தில் சரக்கு நனைந்து கெடுவது தனி. நீர்வழியின் மலிவு முழுவதையும் இந்த ஒரு குன்று தின்றுவிட்டது.

குன்றைச் சுற்றிப் போனால் திறந்த கடல். உள்நாட்டுப் படகு அந்த அலைக்குத் தாங்காது. முழுக்க வெட்டித் திறந்தால் மண் சரிந்துகொண்டே இருக்கும். மிச்சமிருந்தது குடைவது. 1867-இல் வேலை தொடங்கியது. இரண்டு சுரங்கங்கள்: சிலக்கூரில் 924 அடி, சிவகிரிப் பக்கம் 2,364 அடி. முதலாவது 1877-இல் திறந்தது, இரண்டாவது 1880-இல் முடிந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் 'துரப்பு' என்றுதான் சொல்கிறார்கள்.

இவ்வளவு காலம் ஆனதற்கு மண்ணின் குணத்தையும் பார்க்கவேண்டும். வர்க்கலைக் குன்றின் மேற்பகுதி செம்புரைக்கல். புதிதாக வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும். குடைவதற்கு நல்ல கல். அதற்குக் கீழே களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக வருகின்றன. நடுநடுவே பழுப்பு நிலக்கரியும் உண்டு. மேலே பெய்த மழை செம்புரையில் இறங்கி, களிமண்ணில் தடைபட்டு, பக்கவாட்டில் ஊற்றாகக் கசியும். வர்க்கலைக் கடற்கரையில் மக்கள் நீராடும் ஊற்றுகளும் இப்படி வருபவைதான். கசிவு உள்ள மண்ணில் சுரங்கம் போட்டால் கூரையைத் தாங்கியபடியேதான் முன்னேற முடியும்.

இந்த வேலை முடிந்தபோது திருவனந்தபுரத்தில் ஏறிய ஒருவர் படகை விட்டு இறங்காமலே கொல்லம், ஆலப்புழை, கொச்சி என்று போய் மலபார் வரை சேரும் வழி கிடைத்தது. திருவனந்தபுரம்–சொரணூர் என்பதன் சுருக்கமாக 'டி.எஸ். கனால்' என்ற பெயர் இதற்கு நிலைத்தது. 1993-இல் தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவிக்கப்பட்ட கொல்லம்–கோட்டப்புரம் பகுதி இதே வழியின் நடுத்துண்டு.

### தெற்கே அது ஏன் தோற்றது?

அதே யோசனையைத் தெற்கே நீட்டித் திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைக்க 1860-இல் தொடங்கியது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். அனந்த பத்மநாபன் பேரும் விக்டோரியா ராணி பேரும் அரசராயிருந்த உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பேரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தன. பூவாறு தொடங்கிக் குளச்சல், மண்டைக்காடு பக்கம் வரை வந்தது, கன்னியாகுமரியை எட்டவில்லை.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

1. வடக்கே காயல் தயாராக இருந்தது, கோத்தால் போதும். இங்கே பெரிய காயல்கள் இல்லை. முழுக் கால்வாயையும் தரையில் வெட்டவேண்டும்.
2. வெட்டிய தரை கடற்கரை மணல். கரை நிற்காது, ஒவ்வொரு மழைக்கும் சரிந்து அடிமட்டம் உயரும்.
3. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு, கடியப்பட்டணத்தில் வள்ளியாறு என்று கடலில் விழும் ஆறுகள் குறுக்கே வருகின்றன. வெள்ளக்காலத்தில் அவை வண்டலைக் கால்வாயில் கொட்டும்.
4. முட்டத்தில் கடினப் பாறை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. வர்க்கலைச் செம்புரையைக் குடைந்த கடப்பாரைக்கு இது மசியாது.

மூன்றாவது சிக்கல் வடக்கிலும் உண்டு, வேறு உருவத்தில். ஆறு கடலில் சேரும் வாயை அங்கே 'பொழி' என்பார்கள். வெயில்காலத்தில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் பொழியை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் ஏறும், வயல் முங்கும். மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைக்கும். அல்லது ஆட்கள் போய் வெட்டிவிடுவார்கள். உடைந்ததும் நீர்மட்டம் சட்டென்று இறங்கி, ஏற்றிய படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். கால்வாய் வெட்டுவது ஒருமுறைச் செலவு. ஆண்டுதோறும் தூர் வாருவதும் கரை கட்டுவதும் பொழியைக் கவனிப்பதும்தான் அதன் உண்மையான செலவு. லாரி வந்தபின் அந்தச் செலவை யாரும் செய்யவில்லை. பாசியும் குளவாழையும் மூடின. பிறகு கட்டிய சாலைப் பாலங்கள் பல தாழ்வாக அமைந்து படகு நுழையவே முடியாமல் செய்தன. நீர்வழியை மீட்கும் வேலையில் இன்று பெரும் தொல்லை இந்தத் தாழ்ந்த பாலங்கள்.

## சாலை: யார் போட்டது, யார் நடந்தது

காயலில்லாத உள்நாட்டுக்குச் சாலைதான் வழி. மாதவராவ் காலத்தின் பெரிய வேலை எம்.சி. ரோடு எனப்படும் மெயின் சென்ட்ரல் ரோடு: திருவனந்தபுரம் கேசவதாசபுரத்தில் தொடங்கி கொட்டாரக்கரை, செங்கன்னூர், கோட்டயம், மூவாற்றுப்புழை வழியாக அங்கமாலி வரை சுமார் 240 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் காயல்களுக்குக் கிழக்கே மேட்டு நிலத்தைப் பிடித்துப் போவது தெரியும். கடலோரம் படகுக்கு, இடைநாடு வண்டிக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள்.

கொல்லம்–செங்கோட்டைச் சாலையில் கல்லடையாற்றின் குறுக்கே புனலூர் தொங்குபாலம் நிற்கிறது. ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் மேற்பார்வையில் 1877-இல் கட்டிமுடித்து 1880-இல் மக்களுக்குத் திறந்தார்கள். சுமார் 400 அடி நீளம். மழையில் கல்லடையாறு பொங்கினால் ஆற்றுக்குள் வரிசையாகத் தூண் நிறுத்துவது ஆபத்து. அதனால் இரு கரையிலும் கல் கோபுரம் எழுப்பி, இரும்புச் சங்கிலியில் தளத்தைத் தொங்கவிட்டார்கள். சங்கிலியின் முனைகள் தரைக்குள் கிணறுபோல் தோண்டிய குழிகளில் இறங்கிப் பிணைந்திருக்கின்றன. பாரம் முழுவதையும் இழுத்துப் பிடிப்பது அந்தக் கிணறுகள்தான். பலகை, நீரில் உளுத்துப்போகாத தம்பகம் மரம். தமிழ்ப் பக்கத்திலிருந்து ஆரியங்காவு இறங்கிவரும் வண்டிகளுக்கு இந்தப் பாலம் வந்தபிறகுதான் ஆற்று வெள்ளத்தைப் பார்த்துக் காத்துக்கிடக்கும் நிலை மாறியது.

சாலை போட்டதோடு கதை முடியவில்லை. பொதுச்சாலைகள் எல்லாருக்கும் உரியவை என்று 1865-லேயே அரசாணை வந்தது. ஆனால் நீதிமன்றம் 'ராஜவீதி', 'கிராமவீதி' என்று பிரித்தது: முதலாவது எல்லாருக்கும், இரண்டாவதில் தீண்டாமை வழக்கம் செல்லும். கோயிலைச் சுற்றிய தெருக்கள் இரண்டாவது பட்டியலில் விழுந்தன. அரசு வரிப்பணத்தில் பராமரித்த வழியில் வரி கொடுத்தவனே நடக்க முடியாத நிலை. 1893-இல் வெங்ஙானூரில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி வில்வண்டியில் (மாட்டு வண்டி) ஏறிப் பொதுவழியில் போனது இதை எதிர்த்து. 1924–25 வைக்கம் போராட்டமும் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததல்ல. கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடப்பதற்காக நடந்தது. பெரியார் அங்கே சிறை சென்றதும் அந்தச் சாலைக்காகத்தான். 1926-இல் சுசீந்திரத்திலும் அதே கோரிக்கை எழுந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வந்தது. திருவிதாங்கூரின் சாலைகளைப் பெருமையாகப் பேசும் கட்டுரைகள் இந்த எழுபது ஆண்டைத் தாண்டிக் குதிப்பது சரியல்ல என்பது என் கருத்து. எத்தனை மைல் போட்டார்கள் என்ற கணக்கு எத்தனை பேர் நடந்தார்கள் என்பதைச் சொல்லாது.

## அஞ்சல்: எல்லையில் நின்றுபோன கடிதம்

அஞ்சல் முதலில் அரசின் சொந்தக் கடிதங்களுக்காக ஏற்பட்டது. ரெசிடெண்டாக இருந்து திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஒழுங்குபடுத்தினார். பொதுமக்களுக்குத் திறந்தது பிற்பாடு. மணி கட்டிய கோலைப் பிடித்து ஓடும் அஞ்சலோட்டக்காரர் ஒரு கட்டம் வரை ஓடிப் பையை அடுத்தவரிடம் கொடுப்பார். மணிச் சத்தம் கேட்டால் வழியை விடவேண்டும். காட்டுவழியில் விலங்குகளை விலக்கவும் அதே மணி.

1888 அக்டோபர் 16 அன்று திருவிதாங்கூர் தன் முதல் அஞ்சல்தலைகளை வெளியிட்டது: 1, 2, 4 சக்கரம். மன்னரின் முகம் இல்லை, நடுவில் சங்கு. நாணயக் கணக்கு இப்படி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். இந்த அரைச் சக்கரம் எல்லையோரக் கடைகளில் தினசரித் தலைவலி.

சங்குத்தலை ஒட்டிய கடிதம் திருவிதாங்கூருக்குள்ளும், பரஸ்பர ஏற்பாட்டின்படி கொச்சிக்குள்ளும் செல்லும். ஆரல்வாய்மொழிக்கு இப்பால் பணகுடிக்கோ திருநெல்வேலிக்கோ எழுதினால் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலை வேண்டும். சமஸ்தானத்துக்குள்ளேயே இயங்கிய பிரிட்டிஷ் தபால் நிலையத்தில் அதைச் சேர்க்கவேண்டும். நாகர்கோவிலில் இருப்பவர் தக்கலையில் உள்ள அண்ணனுக்கு ஒரு பெட்டியிலும், வள்ளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வேறு பெட்டியிலும் கடிதம் போடுவார். தந்திக் கம்பியோ தொடக்கத்திலிருந்தே இந்திய அரசுடையது. சமஸ்தானத்தின் சொந்தத் தந்தி என்று ஒன்று இல்லை. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர்–கொச்சி ஒன்றான பிறகும் அஞ்சல் தொடர்ந்து, 1951 ஏப்ரல் 1-இல் இந்தியத் தபாலோடு கலந்தது.

## ரயில் ஏன் 1904 வரை வரவில்லை?

சென்னையில் 1856-லேயே ரயில் ஓடியது. கால்வாய்க்காகக் குன்றைக் குடைந்த சமஸ்தானத்துக்கு ரயில் வர இன்னும் 48 ஆண்டு ஆனது. பணம் ஒரு காரணம். அதைவிடக் கனமான காரணங்கள் எல்லையோடு சேர்ந்தவை.

1. தனியாக ஓடும் ரயிலால் பயன் இல்லை. கால்வாய் ஊருக்குள்ளேயே முடிந்தாலும் பயன் தரும். ரயில் இந்திய வலையோடு இணைந்தால்தான் செலவுக்கு ஏற்ற வருமானம். இணைவது என்றால் சென்னை மாகாண அரசும் ரயில் கம்பெனியும் ஒப்பவேண்டும்.
2. இணையும் இடம் எது? வடக்கே கொச்சி என்ற இன்னொரு சமஸ்தானம் குறுக்கே. கொச்சி மன்னர் திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றும் பணம் திரட்டிச் சொரணூர்–கொச்சிப் பாதையை 1902-இல் கொண்டுவந்தார். அதை ஒட்டித் தெற்கே நீட்டக் காயல்களும் ஆற்று வாய்களும் நிறைந்த நிலத்தில் பாலத்துக்கு மேல் பாலம் கட்டவேண்டும். அதே வழியில் மலிவான படகும் போட்டிக்கு நிற்கிறது.
3. தெற்கும் கிழக்கும். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலியைச் சேரலாம். ஆரியங்காவு வழியாகவும் சேரலாம். முதலாவதில் ஏற்றம் குறைவு. இரண்டாவதில் மலை உண்டு. ஆனால் கொல்லம் என்ற துறைமுகமும், புனலூர்ப் பக்கத்து வனமும் தோட்டங்களும் பாதையிலேயே கிடைக்கும். சரக்கு வருமானம் இரண்டாவதைத் தேர்ந்தது.
4. அதிகாரம். சமஸ்தானத்துக்குள் ரயில் ஓடினால் அந்த நிலத்தின் மீதான நீதி, காவல் அதிகாரத்தை இந்திய அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. தன் மண்ணில் ஒரு நாடாவைப்போல நீண்ட துண்டு தன் சட்டத்துக்கு வெளியே போவதை எந்தத் தர்பாரும் எளிதில் ஏற்காது.

கடைசியில் சென்னை அரசு, திருவிதாங்கூர், தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து மீட்டர்கேஜில் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) போட்டன. 1904 ஜூன் 1-இல் கொல்லம்–புனலூர் இடையே ஓட்டம் தொடங்கியது. மலைப்பகுதி முடியாததால் கொல்லம் முனைக்கான எஞ்சின் பாகங்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தன. நவம்பர் 26-இல் செங்கோட்டை வரை முழுப்பாதையும் திறந்தது.

புனலூர்–செங்கோட்டைப் பகுதி சுமார் 49 கி.மீ. கழுதுருட்டியில் சாலைக்கு மேலே நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தைப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கருங்கல் தூண்கள், சுமார் 102 மீட்டர் நீளம். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவே நீண்ட குகை. ஏற்றத்தில் முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் சக்கரம் வழுக்கும், இணைப்புக் கொக்கிகளில் இழுவை கூடும். பின்னாலும் ஓர் எஞ்சின் தள்ளவேண்டும். அகலப்பாதையாக மாற்ற இந்த மலைப்பகுதி 2010-இல் மூடப்பட்டு 2018-இல்தான் திறந்தது. பழைய கல்தூண்களை இடிக்காமல் காங்கிரீட் கொண்டு வலுப்படுத்தி அதே பாலத்தில் ஓட்டுகிறார்கள்.

1904-இல் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பியவரின் பயணத்தைப் பாருங்கள். வள்ளக்கடவில் படகு. வர்க்கலைத் துரப்புகளுக்குள் இருட்டில் மெல்ல நகர்ந்து கொல்லம். அங்கே ரயில் ஏறி செங்கோட்டை, திருநெல்வேலி, மதுரை, பிறகு சென்னை. தலைநகருக்குத் தண்டவாளம் வந்தது 1918 ஜனவரி 1-இல், அதுவும் ஊரின் ஓரமான சாக்கை வரை. தம்பானூருக்கு 1931-இல் நீண்டது. வடக்கே எர்ணாகுளம்–கோட்டயம் 1956-இலும் கோட்டயம்–கொல்லம் 1958-இலும்தான் திறந்தன. அதுவரை திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு முழுக்க ரயிலிலேயே போக நினைத்தால் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

## மூணாறு: தமிழ்நாட்டுப் பக்கம் சாய்ந்த மலை

மூணாறும் திருவிதாங்கூரின் பகுதிதான். ஆனால் தேயிலைத் தோட்டங்களின் பார்வை கிழக்கே இருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் குறுகிய இருதண்டவாளப் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியில் ஏறி மலைக்குக் கீழே கொட்டக்குடிக்கு இறங்கும், அங்கிருந்து போடிநாயக்கனூர். மேற்கே திருவிதாங்கூர் துறைமுகத்துக்கு இறக்குவதைவிட இது கிட்டம். 1924 ஜூலைப் பெருவெள்ளம், மலையாளிகள் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பது, அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பழைய ஆலுவா–மூணாறு சாலையும் போனது. புதிய சாலை வேறு வழியில் வந்தது. அதற்காகப் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் வளைவுப் பாலம் 1935-இல் திறந்தது. ரயிலைத் திரும்பப் போடவில்லை.

## 1930-கள்: காங்கிரீட், பஸ், விமானம்

கல்லை உடைத்துப் பரப்பி, மேலே சரளை போட்டு, நீர் தெளித்து உருளையால் அமுக்குவது அதுவரை சாலை போடும் முறை. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை அதில் தடம் பதிக்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம், மோட்டாரின் ரப்பர் டயரைச் சமாளிக்க முடியவில்லை. வேகமாக உருளும் டயர், கற்களைப் பிடித்து வைத்திருக்கும் நுண்பொடியை உறிஞ்சித் தூசியாகக் கிளப்பும்; பிடிமானம் போனதும் கல் உதிரும்; அடுத்த மழையில் குழி. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இது ஆண்டுதோறும் நடக்கும். சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலை, சுமார் 87 கி.மீ., சிமெண்ட் காங்கிரீட்டாக மாறியது இதற்கு விடையாகத்தான்.

அதே வழித்தடத்தில் அரசு பஸ்ஸும் வந்தது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி. சால்டர் 1937-இல் கண்காணிப்பாளராக நியமனமானார். 60 காமர் சேஸிகளும் (வண்டியின் அடிச்சட்டம்) பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் இறக்குமதி ஆயின. மேற்கூட்டைத் துறையின் ஆட்களே கட்டினார்கள். 1938 பிப்ரவரி 20-இல் மன்னர் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். முதல் வண்டியைச் சால்டரே ஓட்டினார். மறுநாள் கன்னியாகுமரி வழியில் மக்களுக்கான ஓட்டம். அந்தத் தடத்தில் அதுவரை ஓடிய தனியார் பஸ்கள் விலகவேண்டியிருந்தது. இந்தத் துறையின் வாரிசுதான் 1965-இல் கழகமான கேரள அரசுப் போக்குவரத்து.

சாலையும் சேஸியும் பணிமனையும் எல்லைக்குள். யாரையும் கேட்கவேண்டியதில்லை. அதனால்தான் முடிவெடுத்துச் சில ஆண்டுகளில் நடந்தது. விமானத்துக்கோ வெளியாள் துணை வேண்டியிருந்தது: 1935-இல் டாடாவின் சிறு விமானம் திருவனந்தபுரத்துக்கு வந்து, நவம்பர் 1-இல் அஞ்சல் பைகளோடு பம்பாய்க்குத் திரும்பியது.

## கோட்டக் குழப்பத்தின் விடை

சமஸ்தானத்தின் கடைசி நாள் வரை நாகர்கோவிலுக்கு ரயில் இல்லை. நல்ல சாலையும் அரசு பஸ்ஸும் இருந்ததால் திருவனந்தபுரத்தோடு அதன் தொடர்பு சக்கரத்தில் நடந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மாநில எல்லை மாறியது. ரயில் நிர்வாகம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. பாதை எந்தப் பக்கத்திலிருந்து வளர்ந்தது, எந்தப் பணிமனை அருகில் என்பதைத்தான் பார்க்கும்.

கொல்லம்–செங்கோட்டை 1904-லேயே திருநெல்வேலி, மதுரை மீட்டர்கேஜ் வலையின் கிளையாகப் பிறந்தது, மதுரையிலேயே தங்கிவிட்டது. திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி 1979-இல் அகலப்பாதையாகத் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-இல் மதுரையிலிருந்து பிரித்துத் திருவனந்தபுரம் கோட்டம் உருவானது. 1981-இல் திருநெல்வேலி இணைப்பு முடிந்தபோது அதுவும் அகலப்பாதை என்பதால் புதிய கோட்டத்தோடு சேர்ந்தது.

தென்மலை நடைமேடைக்குக் கூரை கேட்கும் கேரளக்காரர் மதுரைக்கு எழுதுகிறார். நாகர்கோவிலில் ஒரு ரயிலுக்குக் கூடுதல் பெட்டி கேட்பவர் திருவனந்தபுரத்துக்கு எழுதுகிறார்.